கிராம மருத்துவ நிலையங்களில் தர ஆய்வு

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் பாதையில், பதினைந்து கிலோமீட்டருக்குள் சந்திரகிரி அமைந்துள்ளது. விஜயநகரப் பேரரசின் இறுதிக் காலத் தலைநகரங்களுள் ஒன்று என்ற பெருமையும், ராஜமகாலும், மலைமேல் கோட்டையும் இவ்வூருக்கு உண்டு. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மண்டலம், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. சுற்றிலும் நிலக்கடலை, நெல், மாந்தோப்புகள். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில் தொண்டவாடா, சற்றுத் தள்ளி முங்கிலிபட்டு, பனபாக்கம் போன்ற கிராமங்கள். திருப்பதியில் ரூயா என்று மக்கள் அழைக்கும் அரசுப் பொது மருத்துவமனையும், ஸ்விம்ஸ் என்னும் உயர் சிகிச்சை நிலையமும் உள்ளன. ஆயினும் காய்ச்சல் கண்ட குழந்தையையோ, சர்க்கரை நோயுற்ற முதியவரையோ குடும்பத்தார் முதலில் அழைத்துச் செல்வது அருகிலுள்ள மருத்துவரிடமே. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அதிகாரியாக இருக்கலாம். கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவராகவும் இருக்கலாம்.

அந்த மருத்துவர் அளிக்கும் சிகிச்சை தரமானதா, பாதுகாப்பானதா என்பதை நோயாளி எவ்வாறு அறிவார்? எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது, மருத்துவர் முகம் கொடுத்துப் பேசினாரா, மருந்து கிடைத்ததா, நோய் தணிந்ததா ஆகிய நான்கைத்தான் அவர் காண்கிறார். தம் கையில் கட்டப்பட்ட ரத்த அழுத்தக் கருவி சரியான அளவைக் காட்டுகிறதா என்பது அவருக்குத் தெரியாது. கருவி 10 அலகு குறைத்துக் காட்டுமானால், 148 இருக்க வேண்டிய இடத்தில் 138 என்று பதிவாகும். 140-ஐ எல்லையாகக் கொண்ட சிகிச்சை முறையில் அம்மனிதர் நோயற்றவராகக் கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவார். மருத்துவர் தவறு செய்யவில்லை. செவிலியரும் தவறு செய்யவில்லை. அக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று எவரும் கேட்காததுதான் குறை. சில ஆண்டுகள் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தால், அதை இந்தக் கருவியோடு இணைத்துப் பார்ப்பாரும் இல்லை.

ஆரம்ப மருத்துவத்தில் நேரும் தீங்கு பெரும்பாலும் இத்தகையது. அறுவைக் கூடத்தில் நேரும் தவறு போல் அது உடனே வெளிப்படுவதில்லை. உலகம் முழுவதும் ஆரம்ப நிலை மற்றும் புறநோயாளி சிகிச்சையில் 10 நோயாளிகளில் 4 பேர் வரை ஏதேனும் ஒரு தீங்குக்கு உள்ளாகின்றனர் என்றும், அத்தீங்கில் 80 சதவீதம் வரை தவிர்க்கக்கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் தெரிவித்தது. நோயாளியின் கண்ணுக்குத் தெரியாதவற்றை அவர் சார்பில் பார்ப்பதே தர ஆய்வின் பணியாகும்.

தரநிலைகள் பிறந்த வரலாறு

நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் கருத்துக்கு வடிவம் கொடுத்தது 1946-ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை. அதன் பின் பல பத்தாண்டுகள் அரசாங்கத்தின் கவனம் நிலையங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதிலேயே இருந்தது. சமவெளிப் பகுதியில் 30,000 மக்களுக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என்பதே இலக்கு. ஒரு நிலையத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வரையறுத்த இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகள் 2007-இல்தான் வெளிவந்தன. கட்டிடம், படுக்கை, பணியாளர், மருந்து ஆகியவற்றை அவை கணக்கிட்டன. இருக்க வேண்டியவை இருந்தும் சிகிச்சை தவறக்கூடும் என்ற உண்மையை அவற்றால் தொட இயலவில்லை.

மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அவேடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று நிலைகளில் வைத்து அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. குளிர்பதனப் பெட்டி இருப்பது அமைப்பு. அதன் வெப்பநிலையை நாள்தோறும் குறிப்பது செயல்முறை. தடுப்பூசி பெற்ற குழந்தைக்கு நோய் வராதிருப்பது விளைவு. இந்தப் பகுப்பின் அடிப்படையிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் தேசியத் தர உறுதித் தரநிலைகளை வகுத்தது. 2013-இல் மாவட்ட மருத்துவமனைகளுக்கும், 2014-இல் சமுதாய சுகாதார நிலையங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அவை வெளியிடப்பட்டன. புது தில்லியிலுள்ள தேசிய சுகாதார அமைப்புகள் வள மையம் இதற்கான தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றுள்ளது. மருத்துவமனைத் தூய்மைக்கென ‘காயகல்ப்’ என்னும் பரிசுத் திட்டம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் தனியே தொடங்கியது. தூய்மை கண்ணுக்குத் தெரிவது, உடனே பாராட்டுப் பெறுவது. எனவே பல நிலையங்கள் காயகல்ப் வழியாகவே தர ஆய்வுக்குப் பழகின எனலாம்.

தேசியத் தரநிலைகள் எட்டுப் பிரிவுகளாக அமைந்துள்ளன. அளிக்கப்படும் சேவைகள், நோயாளியின் உரிமைகள், உள்ளீடுகள், துணைப் பணிகள், மருத்துவச் சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள் என்பன அவை. பெயர்களைப் படிப்பதால் பெரிய பயன் இல்லை. ஆய்வு நாளன்று ஒரு நிலையத்தில் என்ன நடைபெறுகிறது என்பதைப் பார்ப்பதே பொருள் விளங்க வழியாகும்.

ஆய்வு நாள்

மதிப்பீட்டாளர் நான்கு வழிகளில் உண்மையைத் தேடுகிறார். கண்ணால் பார்க்கிறார், பணியாளரைக் கேட்கிறார், பதிவேடுகளைப் புரட்டுகிறார், நோயாளியிடம் பேசுகிறார். ஒவ்வொரு சரிபார்ப்புக் கேள்விக்கும் எந்த வழியைக் கையாள வேண்டும் என்பது பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். முழுமையாக நிறைவேறியிருந்தால் 2 மதிப்பெண், ஓரளவு நிறைவேறியிருந்தால் 1, இல்லையெனில் 0.

தடுப்பூசி அறையை எடுத்துக் கொள்ளலாம். அங்குள்ள குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் அதைக் குறித்து வைக்க வேண்டும். மதிப்பீட்டாளர் முதலில் வெப்பமானியைப் பார்க்கிறார். பிறகு கடந்த மூன்று மாதப் பதிவேட்டைக் கேட்கிறார். எல்லா நாளிலும், இரு வேளையிலும், ஒரே மையில் ‘4 டிகிரி’ என்று எழுதப்பட்டிருந்தால் அனுபவமுள்ளவர் மகிழ்ச்சியடைய மாட்டார். ராயலசீமையின் மே மாத வெயிலில், மின்வெட்டும் சேர்ந்த நாட்களில், எந்தப் பெட்டியும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஏறியும் இறங்கியும், ஒரு நாள் எல்லையைத் தாண்டியும், அன்று என்ன செய்யப்பட்டது என்ற குறிப்போடும் உள்ள பதிவேடே நம்பத்தக்கது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. தடுப்பூசிக் குப்பியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் நிறமாற்றச் சீட்டு, மருந்து வெப்பத்துக்கு உள்ளானதை மட்டுமே காட்டும். உறைந்து கெட்டதைக் காட்டாது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் பயனற்றுப் போகும். ஆகவே ‘குப்பியின் சீட்டைப் பார்த்தீர்களா?’ என்ற கேள்வியுடன் நில்லாமல், ‘உறைந்திருக்குமோ என்று ஐயம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்றும் செவிலியரைக் கேட்கிறார்கள். குலுக்கிப் பார்த்துப் படிவு இறங்கும் விதத்தை ஒப்பிடும் சோதனையை அவர் செய்து காட்ட வேண்டும். பதிவேடு பொய் சொல்லலாம்; செய்து காட்டும் கை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

அவசர சிகிச்சைத் தட்டும் இவ்வாறே சோதிக்கப்படுகிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் நோயாளிக்கு அட்ரினலின் உடனே தேவை. மருந்துக் கிடங்கில் நூறு குப்பிகள் இருப்பது அங்கே உதவாது. ஊசி போடும் மேசைக்கு அருகில், காலாவதியாகாத ஒன்று இருக்க வேண்டும். நிலக்கடலை அறுவடைக் காலத்தில் பாம்புக்கடிக்கு உள்ளாகும் தொழிலாளி வரும்போது, விஷமுறிவு மருந்தின் இருப்பும், அதைச் செலுத்தும் முறை தெரிந்தவரின் இருப்பும் ஒன்றாக அமைய வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில் நிற்பது போதாது. அதைத் திறக்கும் சாவி எங்கே என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போதுதான் பல நிலையங்களின் உண்மை நிலை வெளிப்படுகிறது.

மருத்துவக் கழிவுகளைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டின் விதிகள் தெளிவானவை. ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். குழாய், சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் பொருட்கள் சிவப்பில். ஊசி முனைகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிப் பொருட்கள் நீலத்தில். சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊசி முனை தவறான பையில் போடப்பட்டால் முதலில் துன்புறுபவர் மருத்துவரோ நோயாளியோ அல்லர்; அந்தப் பையைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளியே. ஆகவே மதிப்பீட்டாளர் அத்தொழிலாளியிடமும் பேச வேண்டும்: கையில் ஊசி குத்தினால் என்ன செய்வார், யாரிடம் சொல்வார், அவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டுள்ளதா? நிலையத்தின் தரத்தைப் பற்றி மருத்துவ அதிகாரி தரும் விளக்கத்தைவிட, இந்த விடைகள் அதிகம் சொல்லும்.

நோயாளியின் உரிமைகள் என்ற பிரிவு சந்திரகிரிப் பகுதியில் தனிக் கவனத்துக்கு உரியது. தகவல் பலகைகளும் ஒப்புதல் படிவங்களும் மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. 1960-ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்புக்கு முன் திருத்தணியும் உள்ளடங்கிய பழைய சித்தூர் மாவட்டத்தில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கி வந்துள்ளன. தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் இங்கு உள்ளன. சுவரில் தெலுங்குப் பலகை இருப்பதைக் கண்டு 2 மதிப்பெண் இட்டுவிடுவது எளிது. தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரியாத தமிழ் மூதாட்டிக்கு மாத்திரையை எப்போது உண்ண வேண்டும் என்பது விளங்கியதா என்று அவரிடமே கேட்டறிவதுதான் அக்கேள்வியின் நோக்கம்.

மதிப்பெண்ணும் அதன் மறைவுகளும்

சராசரிக்கு ஓர் இயல்பு உண்டு: அது குறையை மறைக்கும். சேவைகள், கட்டிடம், பதிவேடுகள் ஆகியவற்றில் 90 சதவீதம் பெற்ற நிலையம், தொற்றுத் தடுப்பில் 40 சதவீதமே பெற்றாலும் மொத்தத்தில் தேர்ச்சி பெற்றதாகத் தோன்றும். இதைத் தவிர்க்கவே, தேசியச் சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண் 70 சதவீதத்தை எட்டினால் மட்டும் போதாது என்று விதிக்கப்பட்டுள்ளது. புறநோயாளிப் பகுதி, பிரசவ அறை, ஆய்வுக்கூடம் போன்ற ஒவ்வொரு துறையும், எட்டுப் பிரிவுகளில் ஒவ்வொன்றும் தனித்தனியே அந்த அளவை எட்ட வேண்டும்.

மதிப்பீடு ஒரே நாளில் நடந்து முடிவதன்று. முதலில் நிலையத்தின் ஊழியர்களே தங்களைச் சோதித்து, இடைவெளிகளைப் பட்டியலிட வேண்டும். அடுத்து மாவட்ட, மாநில அளவில் ஆய்வு நடைபெறுகிறது. இறுதியில் தேசியப் பட்டியலில் உள்ள வெளியார் வந்து மதிப்பிடுகின்றனர். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் மாநிலம் கண்காணிப்பு ஆய்வு நடத்துகிறது. சான்று பெற்ற நிலையத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. அதில் ஒரு பகுதி ஊழியர்களுக்கும் சேர்கிறது. இவ்வாறு சான்று பெற்ற நிலையங்களின் எண்ணிக்கையில் ஆந்திரப் பிரதேசம் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

வெளியார் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது இம்முறையின் மீது கூறப்படும் குற்றச்சாட்டு. சுவருக்கு வெள்ளையடிக்கப்படும், புதிய திரைச்சீலை வரும், அருகிலுள்ள நிலையத்திலிருந்து கருவி இரவலாகவும் வரலாம். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அறிவிக்காமல் வருவதே இதற்கு மருந்து என்று முடிவு கட்டுவது அவசரமாகும். நம் அரசு அலுவலர்களுக்குத் திடீர்ச் சோதனை புதிதன்று. அதிகாரி காலை ஒன்பது மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குவார். வருகைப் பதிவேட்டைக் கேட்பார். வராதவர் பெயரைச் சுழிப்பார். ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகும். மருத்துவர் நிலையத்தில் இருக்கிறாரா என்பதை அறிய இது உதவும். அது சிறிய பயனன்று. இருக்கும் மருத்துவர் சரியாகச் சிகிச்சை செய்கிறாரா என்பதை அறிய இது உதவாது. தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் முதலில் கற்றுக்கொள்வது தவறை மறைப்பதைத்தான். தவறான மருந்தைக் கையில் எடுத்து, கடைசி நொடியில் கண்டுகொண்ட செவிலியர் அதைப் பதிவு செய்தால் நிலையம் முழுவதும் பாடம் பெறும். குறிப்பாணை வரும் என்று அறிந்தால் அவர் அதைச் சொல்லவே மாட்டார். ஆய்வு செய்யும் அதிகாரிகள் இந்த இரு வகைச் சோதனைகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதிருப்பது அவசியம்.

இங்கிலாந்தின் அனுபவம்

குடும்ப மருத்துவரை ஆய்வுக்கு உட்படுத்துவதில் நீண்ட தயக்கம் காட்டிய நாடு இங்கிலாந்து. 1948-இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது முதல் அங்கு ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கின்றனர். மருத்துவரின் நேர்மையே போதிய காவல் என்று நெடுநாள் கருதப்பட்டது. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் தனியாகத் தொழில் நடத்திவந்த ஹரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவர், தம் நோயாளிகள் 15 பேரைக் கொலை செய்த குற்றத்துக்காக 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். அவரால் கொல்லப்பட்டோர் 215 பேர் என்று பின்னர் நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை கண்டறிந்தது. ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. நோயாளிகள் அவரை விரும்பினர். அவர் வாங்கிக் குவித்த வலிநிவாரணி மருந்தின் கணக்கையும், அவரிடம் சிகிச்சை பெற்றோரிடையே நேர்ந்த மரணங்களின் எண்ணிக்கையையும் பக்கத்து மருத்துவர்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு மட்டும் அங்கு இல்லை.

இது அரிதினும் அரிதான கொடுமை. இதைக் கொண்டு மருத்துவ சமுதாயத்தை எடைபோடலாகாது. ஆனால் நோயாளியின் திருப்தி பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இதைவிடக் கடுமையாக எடுத்துக்காட்ட இயலாது. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவ நிலையங்கள் யாவும் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்று ஆக்கப்பட்டது. பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுடையதா, மக்களின் தேவைக்கு இசைவதா, நல்ல நிர்வாகம் உடையதா என்ற ஐந்து கேள்விகளை ஆணையம் கேட்கிறது. மிகச் சிறந்தது முதல் போதாதது வரை நான்கு தரங்களில் ஒன்றை அளித்து, அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுகிறது. போதாத நிலையத்தின் பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. இந்தியாவின் தேசியச் சான்றிதழ் முறையில் இந்தக் கடைசி இரண்டும் வலுவாக இல்லை. சான்று பெற்ற நிலையத்தின் சான்றிதழ் சுவரில் தொங்கும்; பெறாத நிலையத்தின் குறைகள் எந்தச் சுவரிலும் தொங்குவதில்லை.

நிலையத்தை விட்டு வெளியேறிய மருத்துவர்

ஆந்திரப் பிரதேசத்தில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு புதிய பரிமாணம் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பல்நாடு மாவட்டம் லிங்கங்குண்ட்லவில் ‘குடும்ப மருத்துவர்’ திட்டம் முறைப்படி தொடங்கப்பட்டது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இரு மருத்துவர்கள். ஒருவர் நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும்போது, மற்றவர் ‘104’ நடமாடும் மருத்துவ ஊர்தியில் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் மாதம் இருமுறை அவர் வருவார். படுத்த படுக்கையாக உள்ளவர்களை வீட்டிலேயே சென்று பார்ப்பார். 10,032 கிராம சுகாதார மையங்களை இத்துடன் இணைப்பதாகவும், அங்கு 14 வகைப் பரிசோதனைகளும் 105 வகை மருந்துகளும் கிடைக்கும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2024-இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. கிராமத்துக்கு மருத்துவரைக் கொண்டு செல்லும் எந்த முறைக்கும், எந்தப் பெயரில் அது நடந்தாலும், கீழ்க்கண்ட சிக்கல் பொருந்தும்.

தரநிலைகள் ஒரு கட்டிடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கை கழுவும் தொட்டி எங்கே, மறைப்புத் திரை எங்கே, தீயணைப்புக் கருவி எங்கே என்று அவை கேட்கின்றன. தொண்டவாடாவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மருத்துவர் முதியவரின் காலிலுள்ள சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது, அங்கே தொட்டி இல்லை. ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள் பை ஊர்தியிலிருந்து வர வேண்டும். வெயிலில் நிற்கும் ஊர்தியில் இன்சுலின் எத்தனை டிகிரியில் இருந்தது? பாதையின் குலுக்கலில் ரத்த அழுத்தக் கருவி எத்தனை மாதம் சரியாக இருக்கும்? அங்கு எழுதிய சிகிச்சைக் குறிப்பு, அடுத்த வாரம் அதே நோயாளி நிலையத்துக்கு வரும்போது மற்றொரு மருத்துவரின் கண்ணில் படுமா? குடும்ப மருத்துவம் என்பதன் உயிர்நாடி தொடர்ச்சி. ஒரே நோயாளியை ஆண்டுக் கணக்கில் அறிந்திருப்பதே அதன் பலம். அந்தத் தொடர்ச்சியை அளக்க, பத்து நோயாளிகளின் பெயரை எடுத்துக்கொண்டு ஆறு மாதப் பதிவுகளை ஊர்தியிலும் நிலையத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற எளிய சோதனையே போதும். கட்டிடத்தைச் சுற்றிப் பார்ப்பதால் இது கிட்டாது.

துணை சுகாதார நிலையங்களைப் பொறுத்தவரை மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் காணொலி வாயிலான மதிப்பீட்டைத் தொடங்கியது. நாடெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ள இந்நிலையங்களுக்கு மதிப்பீட்டாளர்கள் நேரில் செல்வதென்றால் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இது தவிர்க்க முடியாத ஏற்பாடு. காமிரா எதன் பக்கம் திருப்பப்படுகிறதோ அதையே காணும் என்பதும் உண்மை. துப்புரவுத் தொழிலாளியோடு தனியே ஐந்து நிமிடம் பேசும் வாய்ப்பு அதில் குறைவு.

கடைத்தெருக் கிளினிக்

இதுவரை கூறியவை யாவும் அரசு நிலையங்களைப் பற்றியவை. ஆனால் மக்கள் எங்கே செல்கின்றனர்? 2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் மருத்துவமனையில் தங்காமல் சிகிச்சை பெற்ற நோய்களில் அரசு நிலையங்களின் பங்கு சுமார் 30 சதவீதம். தனியார் மருத்துவர்கள், கிளினிக்குகளின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். அதாவது குடும்ப மருத்துவரின் பணியைப் பெருமளவு செய்பவர்கள், மேலே விவரித்த ஆய்வுமுறைக்கு வெளியில் இருப்பவர்களே.

ஆந்திரப் பிரதேசத்தில் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது; அதற்கான விதிகள் 2007-இல் வந்தன. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2018-இல்தான் வெளியாயின. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். இச்சட்டங்களின்படி நடக்கும் பரிசோதனை பெரும்பாலும் பதிவுச் சான்று, மருத்துவரின் தகுதி, இடவசதி, கழிவு அகற்றும் ஒப்பந்தம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுகிறது. டோனபீடியனின் சொற்களில் கூறினால் அமைப்பை மட்டும் அளந்து, செயல்முறையை விட்டுவிடுகிறது. தேசிய மருத்துவமனை அங்கீகார வாரியம் கிளினிக்குகளுக்கும் தரநிலைகளை வகுத்துள்ளது. ஆயினும் அதில் சேர்வது அவரவர் விருப்பம். 1995-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொணர்ந்தது. அது தீங்கு நேர்ந்த பின் கிடைக்கும் பரிகாரமே அன்றித் தடுப்பு அன்று.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதைக் குஜராத்தின் சாபர்காண்டா மாவட்டம் கண்டது. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மொடாசா நகரிலும் சுற்றிலும் ஹெபடைடிஸ் பி நோய் திடீரெனப் பரவிப் பலர் உயிரிழந்தனர். கிளினிக்குகளில் ஒருமுறை பயன்படுத்திய சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் மீண்டும் பயன்படுத்தியதே காரணம் என்று புலனாய்வுகள் சுட்டின. ஊசி போட்டுக்கொண்டவர்கள் தங்கள் நம்பிக்கைக்குரிய மருத்துவரிடமே சென்றிருந்தனர். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற மக்களின் எண்ணமும் இதற்குத் துணைபோகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வு, போடப்பட்ட ஊசிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பாதுகாப்பற்றவை என்று கண்டது.

இன்னும் கீழே, ஆந்திரக் கிராமங்களில் ‘ஆர்.எம்.பி. டாக்டர்’ என்று அழைக்கப்படுவோர் உள்ளனர். முறையான பட்டம் இல்லாத இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாததால், எந்த ஆய்வும் இவர்களை எட்டுவதில்லை. அவ்வப்போது நடக்கும் திடீர்ச் சோதனைகளின்போது கதவடைத்து, சில நாளில் மீண்டும் திறந்துவிடுகின்றனர். இரவில் அழைத்தாலும் வருபவர் அவர் என்பதால் ஊராரும் புகார் செய்வதில்லை. மாதம் இருமுறை வரும் மருத்துவ ஊர்தி, அதன் நாளும் நேரமும் தவறாமல் வந்தால் மட்டுமே இவரிடம் செல்வோர் தொகை குறையும். ஆகவே ஊர்தியின் காலந்தவறாமையும் ஒரு பாதுகாப்பு அளவுகோலாகக் கருதப்பட வேண்டும்.

தனியார் கிளினிக்குகளை அரசு நிலையங்களின் நீண்ட பட்டியலால் சோதிக்க முடியாது. தனி ஒருவராக ஒரு கம்பவுண்டரோடு தொழில் நடத்துபவருக்கு அது பொருந்தாது. ஊசி, கழிவு, அவசர மருந்து, கருவிச் சரிபார்ப்பு, சிகிச்சைக் குறிப்பு ஆகிய ஐந்தை மட்டும் கொண்ட ஒரு குறுகிய பட்டியலை, பதிவைப் புதுப்பிக்கும்போது கட்டாயமாக்குவது மாவட்ட மருத்துவ, சுகாதார அதிகாரியின் அலுவலகத்தால் செய்யக்கூடியதே.

அரசு நிலையத்தைப் பொறுத்தவரை எஞ்சி நிற்பது மாறுதல்களின் பிரச்சினை. சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் மருத்துவ அதிகாரி மாற்றலாகலாம், மேற்படிப்புக்குச் செல்லலாம். அவர் முனைந்து ஏற்படுத்திய மாதாந்திரத் தரக்குழுக் கூட்டமும் அவரோடு போய்விடும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் மேசை, நாற்காலி, ஸ்டெதஸ்கோப், பதிவேடுகள் என்று வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்திடுவது அலுவலக மரபு. கடைசி ஆய்வில் கண்ட இடைவெளிகளின் பட்டியலும், ஒவ்வொரு கருவியின் அடுத்த சரிபார்ப்புத் தேதியும் அதே தாளில் எழுதப்பட்டால், புதிதாக வருபவர் முதல் நாளிலேயே ரத்த அழுத்தக் கருவியைப் பற்றிக் கேட்பார்.